எல்லா ஊருக்கும் பிள்ளை

மாமா லெய்ஸெரை அலுவலகக் கதவோடு ஒட்டி நிற்கவைத்து, தலைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். நான் நாற்காலிமேல் ஏறி அளவுநாடாவைப் பிடித்தேன். ஆறடி நாலங்குலம். இரண்டாவது முறையும் அளந்தேன். எதையும் இரண்டு முறை செய்யாவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது.

"எழுதிக்கோ எஸ்டெல். ஆறு ஏழு."

"ஆறு நாலுதான் மாமா."

"அது வெறுங்காலோட."

"ஷூ போட்டுக்கிட்டுத்தான் நிக்கறார்."

"சரி, முடி? முடிய யாரு கணக்குல சேக்கறது? மூணு வருஷம் பட்டினி கிடந்த பையன்டீ. புரூக்ளின் சாப்பாட்டுல மார்ச்சுக்குள்ள வளந்துடுவான். நாம கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்வளவுதான்."

லெய்ஸெர் கதவோடு ஒட்டியபடியே நின்றிருந்தான். கோடு கிழித்தாயிற்று, நகரலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. இது 1946 அக்டோபர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. அன்று மாலை வகுப்புக்குத் தாமதமாகப் போனேன் என்றும் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் இப்போது எழுதுகிறேன். சரியான வரிசையில் எழுதுகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

மாமாவின் பெயர் பார்னி ஸெல்னிக். என் அம்மாவுக்குத் தம்பி. ஐந்தடி நாலங்குலம் உயரம். அதில் மட்டும் அவர் ஒரு அங்குலமும் கூட்டிச் சொன்னதில்லை. சின்ன வயதில் கூடைப்பந்து ஆட ஆசைப்பட்டு, யாரும் சேர்த்துக்கொள்ளாததால் ஓரமாக உட்கார்ந்து புள்ளி எழுதினார். எழுதியதைப் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். நியூயார்க்கின் கிழக்குப் பக்கத்து யூதப் பையன்கள் பன்னிரண்டுக்குப் பத்து என்று ஜெயித்ததை எந்தப் பத்திரிகை போடும்? அப்போதுதான் அவருக்குத் தன் தொழில் என்னவென்று புரிந்ததாம். 'உதட்டில் இரத்தம் வழிய, நோயில் கிடக்கும் தாயை நினைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பந்தை எறிந்தான்' என்று மறுநாள் சொன்னார். போட்டார்கள். அந்தத் தாய் அன்று காலை சந்தையில் மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பேப்பரைப் பார்த்துவிட்டு மாமாவைத் துடைப்பத்தோடு துரத்தினாள். பிறகு அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டாள்.

இருபது வருடம் அப்படியே ஓடியது. கல்யாண மண்டபங்களையும் நடனக் கூடங்களையும் ஞாயிறு சாயங்காலத்துக்கு வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் வளையம் மாட்டி, ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் வாத்தியக் கோஷ்டியை ஏற்றி நடனம் வைத்தார். நடனத்துக்கு மெழுகு போட்ட தரை ஆட்டத்துக்கு வழுக்கும் என்பதால், ஞாயிறு காலையில் தரையைத் தேய்த்துக் கழுவி, ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் மறுபடி மெழுகுத்தூள் தூவுவார்கள். தூவுகிறவர்களோடு மாமாவும் கோட்டைக் கழற்றிவிட்டு நிற்பார். பெண்ணைத் தனியாக எங்கும் அனுப்பாத அம்மாக்கள்கூட அங்கே அனுப்பினார்கள். "என் தரையில ஆரம்பிச்ச கல்யாணம் எந்த ராபி பண்ணிவெச்சதைவிடவும் ஜாஸ்தி" என்பார். அவர் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

யுத்தம் வந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுபோயிற்று. திரும்பி வந்தவர்கள் குடும்பஸ்தர்களாக வந்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் பெரிய மைதானக்காரர்கள் புதிதாக ஒரு லீக் ஆரம்பித்தார்கள். பதினெட்டாயிரம் இருக்கை, மின்சாரக் கடிகாரம். பிட்கின் அவென்யூ மாடியில் எண்ணூறு மடக்கு நாற்காலி வைத்திருக்கும் மாமாவை இனி யார் தேடி வருவார்கள்? அந்த நேரத்தில்தான் லெய்ஸெர் கிடைத்தான். மே மாத அகதிக் கப்பலில் வந்தவன். ஒரு கோட் தையல் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்தில் இடது கையால் பந்து எறிந்துகொண்டிருந்தவனை மாமா வேலிக்கு வெளியே நின்று இருபது நிமிடம் பார்த்திருக்கிறார். யுத்தத்துக்கு முன்பு லித்துவேனியாவின் கோவ்னோ நகரில் ஒரு யூதக் குழுவுக்காக ஆடியிருக்கிறான். வயது இருபத்தாறு.

"முழுப் பேரு?" என்று மாமா கேட்டார்.

"லெய்ஸெர் ஸிவ்."

"ஸிவ்வா? போஸ்டர்ல எறும்பு செத்துக்கிடக்கற மாதிரி இருக்கும். லியோ. லியோ கார்மெல். எப்படி? ஊரு?"

"யானெவெ."

மாமா என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"கோவ்னோவுக்குப் பக்கம். ஆத்தோரம்" என்றான் லெய்ஸெர்.

"தம்பி, நியூயார்க்ல யானெவெ சங்கத்துல எத்தனை பேர் இருப்பாங்க? பதினோரு பேர். அதுல ஏழு பேருக்கு மாடிப்படி ஏற முடியாது. வில்னா சங்கத்துல எத்தனை பேர் தெரியுமா?"

மாமாவின் வியாபாரம் இதில்தான் இருந்தது. ஐரோப்பாவில் விட்டுவந்த ஒவ்வொரு ஊரின் பெயரிலும் எங்கள் ஆட்களுக்கு ஓர் ஊர்ச்சங்கம் உண்டு. கல்லறை இடம் வாங்கவும், வருடத்துக்கொரு விருந்து வைக்கவும் ஆரம்பித்த சங்கங்கள். அந்த வருடம் அவை கூடி உட்கார்ந்து அழும் இடங்களாக இருந்தன. யுத்தத்தில் எங்கள் ஆட்களைக் கொன்று தீர்த்திருந்தார்கள், கடிதம் போடுவதற்குக்கூட ஊரில் ஆள் இல்லை. மாமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு சங்கத்துக்குக் கொடுத்தார். அந்த வாரம் லியோ கார்மெல் அந்த ஊர்ப் பிள்ளை. நவம்பர் மூன்றாம் தேதி வில்னா. பத்தாம் தேதி பியாலிஸ்டாக். பதினேழு மின்ஸ்க். ஒவ்வொரு வாரமும் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. அவன் இடது கையால் எறிந்து பந்து உள்ளே விழும்போது, கிழவர்கள் நாற்காலிமேல் ஏறித் தங்கள் ஊரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு வாரம் அவனை வில்னாக்காரன் என்று பார்த்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். அது வேறு சங்கத்தின் வாரம். வந்தாலும் கேட்கமாட்டார். அவன் எங்களுடையவன் என்று ஒரு சாயங்காலம் நம்பிவிட்டு வீட்டுக்குப் போவதில் அவர்களுக்கும் ஏதோ இருந்தது.

லெய்ஸெரிடம் ஒருமுறை கேட்டேன், உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று.

"எந்த ஊரும் இப்ப இல்லையே" என்றான். "இல்லாத ஊருக்கு எந்தப் பேரு வெச்சா என்ன."

ஆனால் அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஹிண்டா. சனிக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அகதி உதவிச் சங்கத்துக்குப் போய், சுவரில் ஒட்டியிருக்கும் உயிர்தப்பியவர்களின் பெயர்ப் பட்டியல்களை விரலால் தடவிக்கொண்டே வாசித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வருவான். விரல்நுனி மையாக இருக்கும். நான் எதுவும் கேட்கமாட்டேன். அவனும் தலையை மட்டும் அசைப்பான். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

நவம்பர் நடுவில் எங்கள் ஆட்களின் யிட்டிஷ் மொழித் தினசரி ஒன்று லியோ கார்மெலைப் பற்றி ஒரு பக்கம் கேட்டது. மாமாவுக்குக் காய்ச்சல். "நீ எழுது" என்றார். "மாலை வகுப்புக்கு எதுக்குப் போற? ஒரு எடத்துல படிக்கறவன் பேப்பரக் கீழ வெச்சிடணும். அப்படி ஒரு எடம் வேணும்."

மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அந்த இடம் வரவில்லை. ரயில், முகாம், பட்டினி எல்லாம் இருந்தன. ஆனால் எல்லோரும் எழுதுவது போலவே இருந்தன. கடந்த இரண்டு மாதங்களாகக் கட்டுரை வகுப்பில் என் தாள்களில் 'தெளிவு உண்டு, உணர்ச்சி இல்லை' என்று சிவப்பு மையில் வந்துகொண்டிருந்தது. நான்காவது முறை எழுதினேன்: 'வில்னாவின் பனியில், அவனுடைய ஒரே தங்கை அவன் கைகளிலேயே உயிர்விட்டாள்.' எழுதி முடித்ததும் எனக்கே கண்ணில் நீர் வந்தது. வந்ததால் அது உண்மை என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளின் ஒரு பிரதியை வகுப்பிலும் கொடுத்தேன். இந்த முறை சிவப்பு மையில் எந்தக் குறையும் வரவில்லை.

கட்டுரை வெளிவந்த மறுநாள் லெய்ஸெர் பேப்பரை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். படம் பெரிதாக வந்திருந்தது. அவன் எம்பி எறிகிறான். நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டிருக்கிறான். அவன் மாமாவிடம் போகவில்லை. என் மேசைக்கு வந்தான்.

"ஹிண்டா செத்தத நீ பாத்தியா?"

நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன்.

"நான் பாக்கலயே. அதனாலதான் கேக்கறேன். கோவ்னோலேருந்து எல்லாரையும் ஒரே ரயில்ல ஏத்தினாங்க. நடுவுல நிறுத்திப் பொம்பளைங்கள மட்டும் எறக்கினாங்க. ஜூலை மாசம், நல்ல வெயில். அவ என் கோட்டப் போட்டுக்கிட்டு எறங்கினா. திரும்பிப் பாத்தா. ரயில் கெளம்பிடுச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு மேல உனக்கு ஏதாவது தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அழிச்சிடு."

மாமா உள் அறையிலிருந்து போர்வையோடு வந்தார். "பேப்பர்ல வந்தத எப்படி அழிக்கறது? நாளைக்கு அதுல மீன் சுத்துவாங்க, தானா அழிஞ்சிடும். உக்காருப்பா."

லெய்ஸெர் உட்காரவில்லை. "அப்ப இன்னொண்ணு போடுங்க. என் பேருல. லெய்ஸெர் ஸிவ், யானெவெ, தங்கச்சியத் தேடறான்னு. அதே பேப்பர்ல, அதே படத்தோட."

மாமா போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது கள்ளம் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன், பயம்தான் இருந்தது. "போடறேன். சத்தியமாப் போடறேன். மார்ச்சுல சீசன் முடியட்டும். முழுப் பக்கம் போடறேன், பாரு. இப்பப் போட்டா வில்னாக்காரனும் மின்ஸ்க்காரனும் சேந்து வந்து என் மண்டபத்தக் கொளுத்துவான். உன்னையும் கொளுத்துவான். நாலு மாசம். நாலே மாசம். ரெண்டரை வருஷம் தேடியாச்சு இல்ல?"

லெய்ஸெர் என்னைப் பார்த்தான். சரி என்று சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்பது போல இருந்தது. நான் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தேன். அவன் சரி என்றான்.

படம் வந்த பிறகு கடிதங்கள் வந்தன. கடிதம் எழுதியவர்களுக்கு மூன்று நாளுக்குள் பதில் போகவேண்டும் என்பது மாமாவின் கட்டளை. "காத்துக்கிட்டிருக்கறவன் அடுத்த ஞாயிறு வரமாட்டான்." அதற்காகவே லியோவின் படம் போட்ட அட்டைகள் அச்சடித்திருந்தோம். பின்பக்கம் ஆங்கிலத்திலும் யிட்டிஷிலும் நன்றி வாசகம். கீழே கையெழுத்துக்கு இடம். லெய்ஸெர் இஸ்திரிப்பெட்டி பிடித்த கையோடு வருபவன். அவனுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்று நானே 'லியோ கார்மெல்' என்று கையெழுத்துப் போட்டேன். நன்றாகப் பழகிக்கொண்டேன், கடைசி எழுத்தின் வால் நீளமாக, ஒரு கொடி போல வரும். கடிதங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்தேன். பையன்கள், பெண்கள், சங்கங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த யிட்டிஷ் கையெழுத்துக் கடிதங்கள் வாசிக்க நேரமாகும். அவற்றில் அனுப்புநர் முகவரியை மட்டும் பார்த்து அட்டையை உடனே அனுப்பிவிட்டு, கடிதத்தைப் பிறகு வாசிக்க ஒரு காலணிப் பெட்டியில் போட்டேன். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமையாக இருந்தது. யாரையும் காக்கவைக்கவில்லை அல்லவா? ஜனவரியில் பரீட்சை. பெட்டி நிறைந்தது.

மார்ச் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, அந்தப் பெட்டியை எடுத்தேன். நாலாவது கடிதமோ ஐந்தாவதோ. மியூனிக்குக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமிலிருந்து. உறையின் மேல் நான் நீலப் பென்சிலால் சரிக்குறி போட்டிருந்தேன்: ஜனவரி 16, அட்டை அனுப்பப்பட்டது.

'மதிப்புக்குரிய மிஸ்டர் கார்மெல், நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். இங்கே வாசகசாலையில் ஒரு பழைய பேப்பரில் உங்கள் படத்தைப் பார்த்தேன். நீங்கள் என் அண்ணனைப் போல இருக்கிறீர்கள். அவனும் இடது கையால்தான் எறிவான், எறியும்போது நாக்கைக் கடித்துக்கொள்வான். அம்மா திட்டுவாள். அவன் பெயர் லெய்ஸெர் ஸிவ், எங்கள் ஊர் யானெவெ. அவன் முகாமில் செத்துப்போனதைப் பார்த்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். ஆனாலும் உங்கள் படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வாசித்தேன். நீங்கள் வில்னாக்காரர். உங்கள் தங்கை உங்கள் கைகளில் உயிர்விட்டாள் என்று போட்டிருக்கிறது. நான் சாகவில்லையே. ஆகையால் நீங்கள் அவன் இல்லை. இது எனக்குப் புரிகிறது. உங்கள் தங்கைக்காக வருந்துகிறேன். அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் ரயிலிலிருந்து இறங்கினேன். அன்றைக்கே பிடுங்கிக்கொண்டார்கள். இருந்திருந்தால் உங்களுக்கு அனுப்பியிருப்பேன், அளவு சரியாக இருக்கும். ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் அவன் இல்லை என்று உங்கள் கையால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவன் கையெழுத்து எனக்குத் தெரியும். அதன் பிறகு நான் இங்கிருந்து கிளம்பிவிடுவேன். ஹிண்டா ஸிவ்.'

இரண்டாவது முறை வாசிக்கவில்லை. எழுந்து மாமாவின் அறைக்குப் போய் மேசைமேல் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினார். எதையும் சத்தமாகத்தான் வாசிப்பார். காதுக்கு நன்றாக இருந்தால்தான் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்பார். 'நான் சாகவில்லையே' என்ற இடத்தில் குரல் நின்றது. மீதியை உதடு மட்டும் அசைத்து வாசித்தார்.

"உயிரோட இருக்காடீ" என்றார். எழுந்துவிட்டார். "உயிரோட இருக்கா! தந்தி குடு. இப்பவே. கப்பல் டிக்கெட், காகிதம் எல்லாம் நான் பாத்துக்கறேன். எனக்கு ஆள் இருக்கு. எஸ்டெல், நெனச்சுப் பாரு, துறைமுகத்துலேருந்து நேரா மண்டபத்துக்கு. அவனுக்குத் தெரியக்கூடாது. பாதி ஆட்டத்துல நிறுத்தறோம், வெளக்கக் கொறைக்கறோம், கதவு தொறக்குது, நடுத்தரையில வந்து..."

நிறுத்திக்கொண்டார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உறையை எடுத்து என் நீலக் குறியைப் பார்த்துவிட்டு, "அட்டைய யாரு அனுப்பினது?" என்றார்.

"நான்."

"யாரு கையெழுத்து?"

"என்னோடது மாமா."

"நான்தான் மூணு நாள்னு சொன்னேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தந்தியை மாமாவே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பதில் வந்த பிறகு லெய்ஸெரிடம் சொல்லலாம் என்றார். அந்த ஒன்பது நாளும் லெய்ஸெர் வழக்கம்போல மை விரலோடு வந்து தலையை அசைத்துவிட்டுப் போனான். நான் வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் புதன்கிழமை உதவிச் சங்கத்தின் வழியாகப் பதில் வந்தது. ஹிண்டா ஸிவ், வயது இருபத்திரண்டு, பிப்ரவரி இருபத்தாறாம் தேதி ஒரு குழுவோடு முகாமைவிட்டுச் சென்றார். சேருமிடம் பதிவில் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். மலைவழியாக நடந்து, ஏதோ ஒரு கரையில் ஏதோ ஒரு பழைய கப்பலில் ஏறி, பாலஸ்தீனத்துக்குத் திருட்டுத்தனமாகப் போகிறவர்கள். எல்லைக்கு முன்பே பெயர் எழுதிய காகிதங்களைக் கிழித்துப்போடச் சொல்வார்கள். பிடிபட்டால் யார் என்று சொல்லக்கூடாது. எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் லெய்ஸெர் வந்தபோது மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இரண்டு தாள்களையும் கொடுத்தார். லெய்ஸெர் கடிதத்தை நின்றபடியே வாசித்தான். தந்தியை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் கத்தவில்லை. கடிதத்தின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"அவளுக்கு என்ன அனுப்பினீங்க?"

நான் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"நல்லா இருக்கு" என்றான். "என்னோடது கோழி கிளறின மாதிரி இருக்கும். அவ எப்பவும் சிரிப்பா."

பிறகு அட்டையைக் கட்டின் மேலேயே, விளிம்பு சரியாகப் பொருந்தும்படி வைத்தான். மாமாவின் பக்கம் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை நான் எந்த ஊரு?"

சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. லெய்ஸெரே அதைப் படித்துக்கொண்டான். "க்ரோட்னோ" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

மார்ச் இருபத்துமூன்று, சீசனின் கடைசி ஞாயிறு. க்ரோட்னோ சங்கத்தார் கொடியோடு வந்திருந்தார்கள். வில்னாக்காரர்களும் பியாலிஸ்டாக்காரர்களும்கூட அன்று வந்திருந்தார்கள். கடைசி ஆட்டம் என்று மாமா எல்லாச் சங்கங்களுக்கும் சொல்லியிருந்தார். மண்டபம் நனைந்த கம்பளி நாற்றம் அடித்தது. லெய்ஸெர் வருவானா என்று எனக்கு நிச்சயமில்லை. வந்தான். உடை மாற்றிக்கொண்டு வந்து மற்ற நால்வரோடு வரிசையில் நின்றான். மாமா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நடுத்தரைக்குப் போனார்.

"இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறது, ஆறடி ஏழு..." என்று ஆரம்பித்தார். நின்றார். "ஆறடி நாலு" என்றார்.

கூட்டம் சிரித்தது. இது புது வேடிக்கை என்று நினைத்தார்கள்.

"சிரிக்காதீங்க. இவன் க்ரோட்னோ இல்ல. வில்னாவும் இல்ல, மின்ஸ்க்கும் இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய். இவன் பேரு லெய்ஸெர் ஸிவ். ஊரு யானெவெ. தங்கச்சி இவன் கையில சாகல. உயிரோட இருந்தா. போன மாசம் வரைக்கும் அவ எங்க இருந்தான்னு தெரியும். என்னால இப்பத் தெரியாமப் போச்சு. பேரு ஹிண்டா. யானெவெக்காரங்க யாராவது இருக்கீங்களா? தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, அந்தப் பக்கம் கடுதாசி போடறவங்க?"

யாரும் எழவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஸெல்னிக்! நீ சொன்னதுல பந்து உருண்டைங்கறதாவது நெசமா?"

"அத மட்டும் நான் சொல்லல, நீங்களே பாத்தது" என்றார் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொருவர் எழுந்து, "என் பொண்டாட்டி ராத்திரி முழுக்க அழுதாய்யா! வில்னாப் பையன்னு அழுதா!" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. ஒரு பகுதியினர் எழுந்து கோட்டைப் போட்டார்கள். இனி இந்த மாடிப்படியில் யாரும் ஏறமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். இருபது வருடம் கூட்டத்தின் முகத்தைப் படித்தவர்.

அப்போது முன்வரிசையில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் எழுந்தாள். கூட்டத்தைப் பார்க்காமல் லெய்ஸெரைப் பார்த்துச் சொன்னாள்: "ஃபைகா குர்லாண்ட். க்ரோட்னோ. எங்கக்கா பொண்ணு. இடது கன்னத்துல மச்சம். எங்கயாவது பாத்தியாப்பா?"

லெய்ஸெர் இல்லை என்று தலையசைத்தான்.

"மோட்டெல் குர்லாண்ட். அவ தம்பி. திக்குவான்."

"இல்லம்மா."

வேறொருவர் எழுந்தார். பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில். கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே போனவர்கள் அங்கிருந்தே பெயர்களைச் சொன்னார்கள். பியாலிஸ்டாக், சந்தைத் தெரு, ஸோரெ. வில்னா, தச்சன் யோசெல், ஒரு கை விளங்காது. மாமா முதலில் புரியாமல் நின்றார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வரிசை போய், ஒவ்வொருவர் வாயருகிலும் பிடித்தார். எதிரணிப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் மேடையில் எழுந்து நின்றார்கள். நான் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். பெயர், ஊர், வயது, அடையாளம். மூன்றாம் பக்கத்தில் கை ஓடவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

பெயர்கள் ஓய்ந்தபோது ஆட்டம் தொடங்கும் என்று நினைத்தேன். பச்சைத் தலைத்துணிக்காரி தரைக்குள் இறங்கி லெய்ஸெரிடம் போனாள். அவள் அவன் மார்பு உயரம்கூட இல்லை. கையால் கீழே வரச் சொன்னாள். அவன் குனிந்தான். அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, விளக்கின் பக்கம் திருப்பி, நெற்றியை, கன்னத்தை, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். தான் தேடுகிறவன் இவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் இப்போது தெரியும். அவள் விட்டு நகர்ந்ததும் அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கணவனும் மனைவியுமாக இருவர். வரிசை நடுத்தரையிலிருந்து கதவு வரை போய், படிக்கட்டில் இறங்கியது. யாரும் யாரையும் தள்ளவில்லை. லெய்ஸெர் ஒவ்வொருவருக்காகவும் குனிந்தான், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தான், நிமிர்ந்தான், அடுத்தவருக்காகக் குனிந்தான்.